வீடியோவில் டாக்டர், கையில் காப்பீட்டு அட்டை: எது எதற்கு உதவும்?

போன ஐப்பசியில் அம்மாவுக்கு வலப்பக்க விலாவுக்குக் கீழே குத்து குத்தென்று வலி. திருத்துறைப்பூண்டியில் ஸ்கேன் எடுத்தோம். சிறுநீர்க் குழாயில் கல், சிறுநீரகம் லேசாக வீங்கியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கான சிறப்பு மருத்துவரைப் பார்க்க எங்கள் ஊரிலிருந்து மன்னார்குடி போய், பஸ் மாறி, தஞ்சாவூர் போகவேண்டும். வெளியே அடைமழை. சம்பா பயிர் தண்ணீரில் நிற்கிறது, வடிய வைக்க ஆள் இல்லை. சரி, வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம் என்று ஒரு தனியார் மருத்துவமனையின் வீடியோ ஆலோசனைக்கு 800 ரூபாய் கட்டினேன். "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்குங்க, அதுல வருமா?" என்று கேட்டேன். "அட்மிஷன் போடும்போது அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்று பதில் வந்தது.

ஏழு நிமிடப் பேச்சு. அந்த 800 எதிலும் அட்ஜஸ்ட் ஆகவில்லை. ஆகவே ஆகாது என்பதும், அதே ஆலோசனையைக் காசில்லாமல் வாங்க வழி இருக்கிறது என்பதும், அட்டையை எடுக்கவேண்டிய இடம் வேறு என்பதும் அடுத்த இரண்டு வாரத்தில் அலைந்து அலைந்துதான் தெரிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது, கை கால் திடீரென்று இழுப்பது, பாம்புக்கடி, பிள்ளைத்தாய்ச்சிக்கு ரத்தப்போக்கு இதற்கெல்லாம் வீடியோ கிடையாது. நேராக 108. வலியோடு குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ கல் கேஸும் அந்தப் பட்டியலில்தான்.

1. அட்டை எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2018 செப்டம்பர் 23 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்து நடக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இந்த 5 லட்சம் நம் கைக்கு வரும் பணம் இல்லை. பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சை, படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சை, குறிப்பிட்ட சில பரிசோதனைகள், சில தொடர் சிகிச்சைகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை வைத்திருக்கிறார்கள். அதைக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்குக் கொடுக்கும்.

டாக்டரைப் பார்த்துப் பேசுவதற்கான கட்டணம் அதில் இல்லை. நேரில் பார்த்தாலும் இல்லை, போனில் பேசினாலும் இல்லை. வெளிநோயாளியாக வாங்கும் மாத்திரைக்கும் இல்லை. இன்னொன்று, நாம் கட்டிவிட்டு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கும் ஏற்பாடே இந்தத் திட்டத்தில் கிடையாது. அதனால் "இப்போ கட்டுங்க, அப்புறம் அட்டையில போட்டுக்கலாம்" என்று யார் சொன்னாலும் கையைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.

அப்படியானால் தொலைவில் இருக்கும் சிறப்பு மருத்துவரிடம் பேசுவதற்கு யார் பணம் கொடுப்பது? யாரும் கொடுக்கவேண்டாம். வீடியோவில் டாக்டரோடு பேசவைக்கும் அரசின் இ-சஞ்சீவனி சேவை எல்லாருக்கும் இலவசம். அதற்கு அட்டையும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம். பேச்சுக்கு இ-சஞ்சீவனி, படுக்கைக்கு அட்டை என்று மனதில் இரண்டு கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணக்கில் கிடைக்கும் தாள்தான் இரண்டாவது கணக்குக்குள் நுழையும்போது கை கொடுக்கும். அந்தத் தாளை ஒழுங்காக வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் எங்கள் பாதி நாள் போனது.

எங்கள் தெருவில் பாதிப் பேர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஆபா என்று 14 இலக்க எண் போட்ட ஒரு அட்டை வைத்திருப்பார்கள். அது உங்கள் மருத்துவப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் எண். காப்பீடு இல்லை. அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனையில் நின்றால் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

2. அட்டை இருக்கிறதா, அதில் நோயாளியின் பெயர் இருக்கிறதா

எனக்கு அட்டை இருந்தது. அம்மா அதில் இல்லை. அம்மா பெயர் அப்பா காலத்துக் குடும்ப அட்டையில் இருந்தது. அப்பா போன பிறகு என் குடும்ப அட்டையில் சேர்த்திருந்தேன். காப்பீட்டு அட்டை அதற்கு முன்பே எடுத்தது. குடும்ப அட்டையில் பெயர் ஏறினால் காப்பீட்டிலும் தானாக ஏறிவிடும் என்று நினைத்தேன், ஏறவில்லை. எனவே வலி வருவதற்கு முன், இன்றைக்கே, குடும்ப அட்டை எண்ணை வைத்துத் திட்டத்தின் இணையதளத்தில் பாருங்கள். முடியாவிட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். "அட்டை இருக்கா" என்று கேட்டால் போதாது, "யார் யார் பெயர் இருக்கு" என்று கேளுங்கள்.

குடும்பம் என்றால் அட்டைதாரர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர். எல்லாருடைய பெயரும் அதே குடும்ப அட்டையில் இருக்கவேண்டும். அம்மா அப்பாவுக்குத் தனி ரேஷன் கார்டு என்றால் அவர்கள் தனியாகப் பதிய வேண்டியதுதான். பிள்ளைகளுக்கும் வரம்பு உண்டு: 25 வயது ஆகும்வரை, அல்லது வேலைக்குப் போகும்வரை, கல்யாணம் ஆகும்வரை, எது முந்துகிறதோ அதுவரை.

ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். முன்பு 72,000 ஆக இருந்தது. அந்தப் பழைய கணக்கை வைத்துக்கொண்டு "உங்களுக்குக் கிடைக்காது" என்று சொல்பவர்கள் இன்னும் டீக்கடையில் இருக்கிறார்கள். நிலம் இருந்தால் கிடைக்காது என்பதும் அங்கே கேட்பதுதான். பதிவு மையத்தில் கேட்பது வருமானச் சான்று, அதைப் பாருங்கள்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 60 ரூபாய். ஆதார், குடும்ப அட்டை, போட்டோ, சுய உறுதிமொழி, ஓடிபி வரும் போன், எல்லாம் கையோடு வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், அதற்கு மேல் வட்டாட்சியர் அலுவலகம் என்று கை மாறி வரும். எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஐப்பசியில் விண்ணப்பித்தது என் தப்பு. அந்த நேரத்தில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் தாள்) வாங்க ஊரே கிராம நிர்வாக அலுவலகத்தில் நிற்கும். பயிரைக் காப்பீடு செய்யும் அவசரத்தில் அம்மாவுக்கான தாள் அடியில் கிடந்தது. நடவுக்கு முன்போ, தை அறுவடை முடிந்த பிறகோ வாங்கி வைத்துக்கொண்டால் இந்த நெரிசல் இல்லை.

சான்று வந்ததும் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையம். திருவாரூர் மாவட்டம் என்றால் விளமல். மயிலாடுதுறைக்காரர்கள் பழைய நினைப்பில் நாகப்பட்டினம் பஸ் ஏறவேண்டாம், அது 2020 டிசம்பரிலேயே தனி மாவட்டம் ஆகிவிட்டது. எந்த மாவட்டமானாலும் திங்கட்கிழமை போகாதீர்கள். அன்றைக்குக் குறைதீர்க்கும் நாள், மனுவோடு வந்த கூட்டத்தில் பதிவு மையம் எந்தப் பக்கம் என்று கேட்பதற்கே ஆள் கிடைக்காது. நான் போனது திங்கட்கிழமைதான். மறுநாள் திரும்பவும் போனேன்.

கொண்டுபோக வேண்டியவை: வருமானச் சான்று, குடும்ப அட்டை, எல்லாருடைய ஆதார். மூலமும் வேண்டும், ஜெராக்ஸும் வேண்டும். சேர்க்கவேண்டிய ஆளையும் கூட்டிப்போங்கள், போட்டோ எடுக்கிறார்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை. வெளியே "காப்பீட்டு அட்டை 200 ரூபாய்" என்று எழுதி வைத்திருக்கும் கடைகளில் அவர்கள் வாங்குவது பிரிண்ட்டுக்கும் லேமினேஷனுக்கும் சேர்த்து. அதைப் பத்துப் பதினைந்து ரூபாயில் முடிக்கலாம். பிளாஸ்டிக் அட்டை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், பதிவு எண் இருந்தால் போதும். அந்த எண்ணை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் பெரிய கண்ணி, பெயர். நம் பக்கம் தையல்நாயகி என்ற பெயர் ஆதாரில் ஒழுங்காக இருக்கும், குடும்ப அட்டையில் தைலநாயகி ஆகியிருக்கும், ஸ்கேன் ரிப்போர்ட்டில் தையல் என்று மட்டும் இருக்கும். மூன்றும் மூன்று ஆள் என்றுதான் கவுண்டரில் பார்ப்பார்கள். ஆதாரில் உள்ளபடியே குடும்ப அட்டையைத் திருத்துங்கள், இ-சேவையிலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ செய்யலாம். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் பெயர் கேட்கும்போது வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லாதீர்கள், ஆதாரை நீட்டுங்கள்.

3. சிறப்பு மருத்துவரைப் பிடிக்க இரண்டு வழி

முதல் வழி, உங்கள் போனிலிருந்தே. இ-சஞ்சீவனி செயலியை இறக்கி, செல்போன் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். பெயர், வயது, ஊர், மாநிலம் கேட்கும். பிறகு எந்தப் பிரிவு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ரிப்போர்ட்டுகளை ஏற்றலாம். டோக்கன் விழும், வரிசையில் காத்திருக்க வேண்டும், முறை வந்ததும் அழைப்புப் பொத்தான் தெரியும். அதை அழுத்தினால் வீடியோவில் டாக்டர். முடிந்ததும் மருந்துச் சீட்டு செயலியிலேயே வந்துவிடும். எந்தப் பிரிவு எப்போது திறந்திருக்கிறது என்று திரையிலேயே காட்டும், அதைப் பார்க்காமல் டோக்கன் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

இதில் உள்ள சங்கடம், டாக்டரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பொதுப் பிரிவில் போனால் பொது மருத்துவர்தான் வருவார். எங்களுக்கு வந்தவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் "இதை யூராலஜிஸ்ட் பார்க்கணும்மா" என்று சிறுநீர்ப் பாதைச் சிறப்பு மருத்துவரைக் காட்டியதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. நடுவில் மின்சாரம் போய், டவரும் போய், இரண்டாம் தடவை டோக்கன் போட்டது தனிக் கதை. மழை நாளில் மாடிக்கு ஏறி நின்று பேசுங்கள், பவர் பேங்கில் சார்ஜ் ஏற்றி வையுங்கள்.

இரண்டாம் வழி எனக்குப் பிடித்த வழி. துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நோயாளியோடு போவது. இ-சஞ்சீவனியில் மருத்துவரிடமிருந்து மருத்துவருக்கு என்று ஒரு பாதை உண்டு. அங்குள்ள மருத்துவரோ சுகாதாரப் பணியாளரோ தங்கள் கணினியிலிருந்து மேலே உள்ள மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரைக் கூப்பிடுவார்கள். இங்கே லாபம் என்னவென்றால் ரத்த அழுத்தம் பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ரிப்போர்ட்டைப் படித்த ஒருவர் நம் சார்பில் பேசுகிறார். "எங்க வலிக்குது" என்று டாக்டர் கேட்க, அம்மா "இங்கதான் அய்யா" என்று கேமராவுக்குத் தெரியாமல் தொட்டுக் காட்டும் கூத்து இல்லை. நர்ஸ் சொல்லிவிடுவார்.

காலையில் வெளிநோயாளிக் கூட்டம் இருக்கும், பதினொன்றரைக்கு மேல் போங்கள். முந்தின நாளே கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் எந்த நாளில் எந்தச் சிறப்பு மருத்துவர் இணைப்பில் கிடைப்பார் என்று கேட்டுச் சொல்வார். மக்களைத் தேடி மருத்துவத்தில் உங்கள் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருபவரிடம் கேட்டாலும் ஆள் யார் என்று தெரியும்.

மனசு சரியில்லை, தூக்கமில்லை, கடன் கவலை என்பது போன்றவற்றுக்கு இந்த வரிசையே வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், இலவசம்.

4. கூப்பிடுமுன் தாள்களைப் படம் எடுப்பது

இதில் கஞ்சத்தனம் பண்ணாமல் அரை மணி நேரம் செலவழியுங்கள். தனியாருக்கு நான் 800 கட்டிப் பேசியபோது ஸ்கேன் படத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பியிருந்தேன். படத்தில் பாதி, என் கையின் நிழல். "ரிப்போர்ட் கிளியரா இல்லை, மறுபடி ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்பதுதான் ஏழு நிமிடத்தில் ஐந்து நிமிடம்.

ஸ்கேனில் இரண்டு பொருள் இருக்கும்: கறுப்புப் படம், தட்டச்சு செய்த தாள். தொலைவில் உள்ள டாக்டருக்கு முதலில் வேண்டியது தாள். பகல் வெளிச்சத்தில், திண்ணையில், தாளைச் சமமாக வைத்து, போனை நேர்மேலே பிடித்து, ஒரு பக்கத்துக்கு ஒரு படம் எடுங்கள். எடுத்த பிறகு விரலால் பெரிதாக்கி, கல்லின் அளவு எத்தனை மில்லிமீட்டர் என்ற எண் உங்கள் கண்ணுக்கே தெரிகிறதா என்று பாருங்கள். தண்ணீர் குடித்துக் காத்திருப்பதா, எடுப்பதா என்ற முடிவு அந்த எண்ணிலும், கல் எந்த இடத்தில் நிற்கிறது என்ற வரியிலும்தான் இருக்கிறது. கறுப்புப் படத்தை ஜன்னலில் ஒட்டி, பின்னால் வானம் இருக்கும்படி எடுத்தால் ஓரளவு தெரியும்.

மாத்திரையை "வெள்ளையா, காலையில ஒண்ணு" என்று சொல்லாதீர்கள். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுங்கள், பெயரும் மில்லிகிராமும் தெரியவேண்டும். கடைக்காரர் கத்தரிக்கோலால் நாலு மாத்திரை வெட்டிக் கொடுத்திருந்தால் பெயர் இருந்த பகுதி அவர் கடையிலேயே இருக்கும். முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள்: வலி எந்தத் தேதியில் தொடங்கியது, காய்ச்சல் இருந்ததா, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. டாக்டர் முகத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் மறந்துபோகும். அம்மாவுக்குப் பெனிசிலின் ஒத்துக்காது என்பது எனக்குப் பேசி முடித்து வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. திரும்பி ஓடினேன்.

5. பேசும்போது என்ன கேட்பது

நோயாளி பக்கத்தில் இருக்கவேண்டும். மகன் வயலில் நின்றுகொண்டு, அம்மா வீட்டில் இருக்க, நடுவில் ஒரு கான்பரன்ஸ் கால் என்பதெல்லாம் சரிவராது.

2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ விதிகளின்படி, சீட்டில் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் பதிவு எண் இல்லாமல் வரும் சீட்டை எந்தக் கவுண்டரிலும் காட்ட முடியாது. அதே விதியில், போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும் மருந்துகளையும் அட்டவணை எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளையும் தொலைவிலிருந்து எழுதக்கூடாது என்று இருக்கிறது. அவர் மறுத்தால் கோபப்படாதீர்கள், அவர் விதிப்படி நடக்கிறார்.

பேச்சை முடிப்பதற்கு முன் நாலு கேள்வி. எந்தத் துறைக்கு, எந்த மருத்துவமனைக்குப் போகணும்? எத்தனை நாளுக்குள்? போகும்போது எந்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்கணும்? என்ன நடந்தால் அதற்கு முன்பே ஓடணும்? பதிலை அவர் வாயால் சொன்னால் மட்டும் போதாது. "அதையும் சீட்டுல போட்டுடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். எங்களுக்கு எழுதிக் கொடுத்தது இரண்டே வரி: யூராலஜி துறைக்குப் பரிந்துரை, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தச் சோதனை) மற்றும் சிறுநீர்ப் பரிசோதனை முடிவுடன் வரவும். அந்த இரண்டு வரிதான் தஞ்சாவூரில் எங்களை நேராக உரிய வரிசையில் நிறுத்தியது.

6. சீட்டு வந்த பிறகு

உடனே பிரிண்ட் எடுங்கள், இரண்டு படி. போனிலேயே இருக்கட்டும் என்று விட்டால் அவசரத்தில் போன் வேறொருவர் கையில் இருக்கும். சாதாரண மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைத்தன. ரத்தப் பரிசோதனையும் அங்கேயே எடுத்துவிட்டோம். இல்லாத மருந்துக்கு மக்கள் மருந்தகம் அல்லது 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் செலவை அட்டை ஏற்காது, அது நம் கைக்காசு.

7. அட்டையை எடுக்கும் இடம்

சேரச் சொல்லிவிட்டால் அரசு மருத்துவமனையா, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையா என்று முடிவு செய்யவேண்டும். தனியார் என்றால் ஒரு கண்ணி இருக்கிறது. வாசலில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பலகை இருந்தாலே எல்லாத் துறைக்கும் அட்டை செல்லும் என்று அர்த்தம் இல்லை. அங்கீகாரம் துறைவாரியாக. எலும்புக்கு இருக்கும், சிறுநீரகத்துக்கு இருக்காது. கிளம்புவதற்கு முன் 1800 425 3993ல் மருத்துவமனையின் பெயரையும் துறையையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

நாங்கள் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். அங்கே எப்படியும் இலவசம்தானே, அட்டை எதற்கு என்று அம்மாவே கேட்டார். அரசு மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனத்திடம் தொகை கோருகிறது, வருகிற பணம் அந்த மருத்துவமனைக்கே திரும்பப் பயன்படுகிறது. எனவே அங்கும் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

சேர்ந்த முதல் நாளே, காப்பீட்டுக்கு என்று உள்ள மேசையில் அட்டை எண், குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் காட்டிவிடவேண்டும். டிஸ்சார்ஜ் அன்றைக்கு எடுத்து நீட்டினால் வேலைக்கு ஆகாது. ஏனென்றால் சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனை ரிப்போர்ட்டுகளை அனுப்பி முன் அனுமதி வாங்கவேண்டும். எங்களுக்கு அனுமதி மறுநாள் வந்தது. உங்கள் பழைய ஸ்கேன் தாளும், தொலைமருத்துவச் சீட்டும், ரத்த முடிவும் ஒழுங்காக இருந்தால் அனுப்புகிறவருக்கு வேலை சுலபம். பெயர் மாறியிருந்தால் நிற்பதும் இங்கேதான்.

தனியாரில் முன்பணம் கேட்டால், "அட்டை கேஸ், எதற்கு முன்பணம், எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள். மேற்சொன்ன எண்ணிலேயே புகாரும் சொல்லலாம். தனி அறை வேண்டும், ஏசி வேண்டும் என்று நீங்களாகக் கேட்டால் அது வேறு கணக்கு.

8. வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்காமல் பஸ் ஏறாதீர்கள். ஆயுஷ்மான் பாரத் விதியில் சேர்வதற்கு முந்தைய 3 நாளும், வெளியேறிய பிறகு 15 நாளும் அந்தச் சிகிச்சையைச் சேர்ந்த மருந்தும் பரிசோதனையும் அந்தச் சிகிச்சைக்கு வைத்திருக்கும் தொகைக்குள் அடக்கம். ஆகவே அந்த 15 நாளுக்குள் வலியோ ரத்தமோ வந்தால் வெளிக்கடையில் காசு கொடுக்காமல் அதே மருத்துவமனைக்குப் போகலாம். சின்னச் சந்தேகங்களுக்கு மறுபடியும் ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக வீடியோவில் கேட்டோம். சம்மரி கையில் இருந்ததால் பத்து நிமிடத்தில் முடிந்தது.

கல் எடுத்தவர்களுக்கு மட்டும் ஒன்று. பலருக்கு உள்ளே ஸ்டென்ட் என்று ஒரு மெல்லிய குழாய் வைத்து அனுப்புவார்கள். வெளியே ஒன்றும் தெரியாது, வலியும் குறைந்துவிடும், அறுவடை வந்துவிடும், மறந்துபோகும். எடுக்கவேண்டிய தேதி சம்மரியில் இருக்கும். அதை வீடியோவில் எடுக்க முடியாது, நேரில்தான் போகவேண்டும். தேதியைக் காலண்டரில் சிவப்பாக வட்டம் போடுங்கள். நான் நெல் கொள்முதல் நிலையத்து டோக்கனின் பின்பக்கத்திலும் எழுதிவைத்தேன், அதைத்தான் அப்போது தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

9. வேறு காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு

வீட்டில் யாராவது மில்லிலோ கடையிலோ கம்பெனியிலோ வேலை பார்த்து, சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, ஈஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்தம் ஆகிறதா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஈஎஸ்ஐ வெளிநோயாளி ஆலோசனையையும் மருந்தையும் சேர்த்தே தருகிறது, சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் உண்டு. ஈஎஸ்ஐ மருந்தகத்திலிருந்து பரிந்துரையோடு மேலே போகவேண்டும். காசு கட்டி எடுத்த தனியார் பாலிசி என்றால், நேரில் பார்க்கும் ஆலோசனைக்கு எங்கே இடம் உண்டோ அங்கே தொலைமருத்துவத்துக்கும் தரவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஜூனிலேயே சொல்லிவிட்டது. ஆனால் பல பாலிசிகளில் வெளிநோயாளிச் செலவுக்கே இடம் இருக்காது. முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

10. எனக்கு ஆன செலவும் நாளும்

முதல் நாள் ஸ்கேன், 1,000 ரூபாய். இரண்டாம் நாள் தனியார் வீடியோ, வீணான 800. மூன்றாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறப்பு மருத்துவர், செலவு இல்லை. அன்றே வருமானச் சான்றுக்கு விண்ணப்பம், 60. பன்னிரண்டாம் நாள் சான்று. விளமலுக்கு இரண்டு நடை, பஸ்ஸும் டீயும் சேர்த்து முந்நூற்றுச் சொச்சம். ஜெராக்ஸும் பிரிண்ட்டும் 70. பதினாறாம் நாள் தஞ்சாவூர், பத்தொன்பதாம் நாள் கல் எடுத்தார்கள். அம்மா பெயர் முன்பே அட்டையில் இருந்திருந்தால் நடுவில் போன பத்து நாள் மிச்சம். காய்ச்சல் வராததால் காத்திருக்க முடிந்தது. வந்திருந்தால் அட்டைக்காகக் காத்திருக்காமல் நேராகத் தஞ்சாவூர் போயிருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் அட்டை இல்லாதவரையும் சேர்த்துக்கொள்வார்கள்.